பிராணாயாமம்: எதற்காக, எந்த இடத்தில் ஆபத்து

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சில மாதங்களாக வீடியோக்களைப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்கிறீர்கள். முதலில் வேகவேகமாக மூச்சு விடுவது, அப்புறம் முடிந்த மட்டும் அடக்கி வைப்பது. ஆரம்பத்தில் உற்சாகமாக இருந்தது. இப்போது உச்சந்தலையில் ஏதோ ஊர்வது போல இருக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, இரவில் தூக்கம் பிடிப்பதில்லை, காரணமே இல்லாமல் படபடப்பு வருகிறது. தெரிந்தவர் ஒருவர், "குண்டலினி எழும்புகிறது, நடுவில் நிறுத்தக் கூடாது" என்கிறார் (குண்டலினி என்பது முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாக யோக நூல்கள் சொல்லும் சக்தி). இன்னொருவர், "பைத்தியம் பிடித்துவிடும், இந்தப் பக்கமே போகாதே" என்கிறார். மூச்சுப் பயிற்சியின் ஆன்மிக நோக்கம் உண்மையில் என்ன, ஆபத்து நிஜமா, ஆன்மிக வாழ்வுக்கு இது கட்டாயமா என்று கேட்கிறீர்கள்.

முதல் காரியம், வேக மூச்சையும் அடக்கிப் பிடிப்பதையும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் கெடுதல் வரும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மூச்சை அதன் போக்கில் விடுவதால் ஒரு கெடுதலும் வராது. உடம்பு பிறந்ததிலிருந்து செய்துவரும் வேலை அது. நீங்கள் சொல்லும் தொந்தரவுகள் பலருக்குப் பயிற்சியை விட்டதுமே மெல்லத் தணிந்துவிடுகின்றன. தணியாவிட்டால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நோக்கம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் பிராணாயாமத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை இரண்டாம் பாதத்தில் வரும் ஐந்தே சூத்திரங்கள், 49 முதல் 53 வரை. யோகத்தின் எட்டு அங்கங்களில் அது நான்காவது. அதற்கு முன்னால் இயமம், நியமம் என்ற ஒழுக்க நெறிகளும், ஆசனம் என்ற இருக்கையும் என மூன்று இருக்கின்றன. 49-ஆம் சூத்திரம் தொடங்குவதே "அது அமைந்த பிறகு" என்றுதான். அதாவது, ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் அமைந்த பிறகு, மூச்சின் உள்ளோட்டத்தையும் வெளியோட்டத்தையும் சீராக்கி நிறுத்துவது பிராணாயாமம். இதன் பலனாக அவர் சொல்வது இரண்டே விஷயங்கள். உள்ளொளியை மறைக்கும் திரை மெலிகிறது. மனம் தாரணைக்கு, அதாவது ஒன்றில் நிலைத்து நிற்பதற்குத் தகுதி பெறுகிறது. அவ்வளவுதான். உச்சந்தலையில் ஊர்வது, கண்ணுக்குள் வெளிச்சம் தெரிவது, உடம்பு தூக்கிப் போடுவது ஆகிய எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. சித்திகளை, அதாவது அபூர்வ சக்திகளைப் பற்றி மூன்றாம் பாதத்தில் விரிவாகப் பேசுகிறார். ஆனால் அங்கேயும், இவை சமாதிக்கு, அதாவது மனம் முழுதாக ஒடுங்கும் நிலைக்குத் தடைகள் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்துவிட்டார்.

முதல் பாதத்தில் இன்னொரு சூத்திரம் இருக்கிறது. உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவதால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மனம் சிதறும்போது கூடவே வரும் துணை அறிகுறிகள் என்று நான்கைச் சொல்கிறார்: துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கு கெட்ட மூச்சு. மூச்சு ஒழுங்கில்லாமல் ஓடுவதையும் உடம்பு நடுங்குவதையும் முன்னேற்றத்தின் அடையாளமாக அவர் பார்க்கவில்லை, சிதறலின் அடையாளமாகவே பார்த்தார். பயிற்சி செய்யும் ஒருவருக்குப் படபடப்பும் நடுக்கமும் கூடிக்கொண்டே போனால், யோக நூலின் கணக்கிலேயே அவர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறார்.

மூச்சுக்கும் மனத்துக்கும் இருக்கும் தொடர்பை நம்பிக்கையால் ஏற்க வேண்டியதில்லை. நீங்களே பார்க்கலாம். தூரத்தில் கேட்கும் மெல்லிய சத்தத்தை உற்றுக் கேட்கும்போது மூச்சு தானாக மெலிந்து கிட்டத்தட்ட நின்றுவிடும். கோபம் ஏறும்போது நெஞ்சின் மேல்பகுதியில் மட்டும் குட்டை மூச்சாக ஓடும். அழுது ஓய்ந்த குழந்தை ஒரு நீண்ட பெருமூச்சு விட்டதும் தூங்கிப்போகும். மனம் மாறினால் மூச்சு மாறுகிறது. யோகிகள் கண்டுகொண்டது, இந்தப் பாதையில் எதிர்த்திசையிலும் நடக்கலாம் என்பதை. இதயத் துடிப்பையோ செரிமானத்தையோ நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும், நாம் கையில் எடுத்தாலும் கேட்கும். மனத்தை மனத்தாலேயே பிடிக்கப் போனால் நழுவுகிறது. மூச்சு வழியாகப் போனால் பிடி கிடைக்கிறது. 'காற்று அசைந்தால் சித்தம் அசையும், காற்று அசையாவிட்டால் சித்தமும் அசையாது' என்று ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல் சொல்வதன் பொருள் இதுதான்.

அந்த நூல்கள் பேசும் பிராணன் வெறும் காற்று அல்ல. பிராணன், அபானன் தொடங்கித் தனஞ்செயன் வரை தச வாயுக்கள், பிராணன் ஓடும் பாதைகளான 72,000 நாடிகள், அவற்றில் முக்கியமான இடகலை (இடப்பக்கம்), பிங்கலை (வலப்பக்கம்), சுழுமுனை (நடுவில்) என்று ஒரு முழு வரைபடம் இருக்கிறது. இந்த வரைபடத்தை உடற்கூறு புத்தகத்தில் தேடி ஏமாறவும் வேண்டாம், அங்கே இல்லை என்பதால் தூக்கி எறியவும் வேண்டாம். உள்ளே உட்கார்ந்து கவனித்தவர்கள் தங்களுக்குள் கண்டதை வரைந்த படம் அது. இடகலையும் பிங்கலையும் மாறி மாறி ஓடும் நிலை, மனம் விருப்பு வெறுப்பில் அலையும் நிலை. இரண்டும் சமமாகிச் சுழுமுனையில் ஒடுங்குவது அந்த அலைச்சல் ஓய்ந்த நிலை. பயிற்சிக்கு இவ்வளவு புரிந்தால் போதும் என்பது என் எண்ணம்.

தமிழில் இதைத் திருமூலரைப் போல யாரும் சொன்னதில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்தைப் பற்றிய பாடல்களில் மூச்சைக் குதிரையாக வைத்துப் பேசுகிறார். உயிர் பிழைக்க ஏறிச் செல்லும் குதிரை ஒன்று உண்டு என்று தொடங்கி,

"மெய்யர்க்குப் பற்றுக் கொடுக்கும் கொடாதுபோய்ப்
பொய்யரைத் துள்ளி விழுத்திடுந் தானே"

என்று முடிக்கிறார். மெய்யானவர்களுக்குக் கடிவாளத்தைத் தரும், பொய்யர்களைத் துள்ளிக் கீழே தள்ளிவிடும். நோக்கமும் ஆபத்தும் ஒரே பாட்டில் வந்துவிட்டன. கவனியுங்கள், குதிரை கெட்டது என்று அவர் சொல்லவில்லை. ஏறுகிறவன் யார் என்பதைப் பொறுத்தது என்கிறார். பொய்யர் என்றதும் ஊரை ஏமாற்றுகிறவர்களை மட்டும் நினைக்க வேண்டாம். வாழ்க்கையில் எதையும் மாற்றிக்கொள்ளாமல், உணவு, தூக்கம், பேச்சு, நடத்தை எல்லாம் அப்படியே கிடக்க, மூச்சை மட்டும் முறுக்கி ஞானம் பெற்றுவிடலாம் என்று நினைப்பதும் அந்தப் பொய்யில் சேர்த்திதான். இயம நியமங்கள் முன்னால் வைக்கப்பட்டதன் காரணமும் இதுவே. பயிற்சி மனத்தின் வேகத்தைக் கூட்டுகிறது. உள்ளே பொறாமை இருந்தால் பொறாமையின் வேகமும் கூடும், பயம் இருந்தால் பயத்தின் வேகமும் கூடும்.

அதே பகுதியில்தான் 16 மாத்திரை பூரகம் (உள்ளே இழுப்பது), 64 மாத்திரை கும்பகம் (அடக்கி நிறுத்துவது), 32 மாத்திரை ரேசகம் (வெளியே விடுவது) என்ற அளவும் வருகிறது. இந்த எண்களால் கெட்டுப்போனவர்கள் அதிகம். மாத்திரை என்ற கால அளவை ஒரு விநாடி என்றே வைத்துக்கொள்வோம். 16-ம் 64-ம் 32-ம் சேர்த்தால் 112 விநாடி. கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒரே ஒரு மூச்சு! முதிர்ந்த யோகியின் இயல்பான ஓட்டத்தைக் குறித்த அளவு அது. அதை முதல் வாரத்திலேயே கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எட்டிப் பிடிக்க முயன்றால், நுரையீரலோடும் இதயத்தோடும் மல்லுக்கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் மனம் எங்கே இருக்கும்? கடிகார முள்ளில். எதை அமைதிப்படுத்த வந்தோமோ அது முழுசாகப் பதறிக்கொண்டிருக்கும்.

ஆபத்து நிஜமா என்று கேட்டீர்கள். நிஜம்தான். இதை முதலில் சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்ல, யோக நூல்களை எழுதியவர்களே. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையில் ஸ்வாத்மாராமர், சிங்கத்தையும் யானையையும் புலியையும் மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும், வாயுவும் அப்படித்தான், தவறினால் பயிற்சி செய்கிறவனையே கொன்றுவிடும் என்கிறார். சரியாகச் செய்தால் எல்லா நோயும் போகும், தவறாகச் செய்தால் எல்லா நோயும் வரும் என்று சொல்லி, விக்கல், மூச்சிரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி என்று பெயர் சொல்லியே எச்சரிக்கிறார். கேரண்ட சம்ஹிதை என்ற இன்னொரு யோக நூல் ஒரு படி மேலே போய், கடும் வெயிலிலும் மழையிலும் குளிரிலும் பயிற்சியைத் தொடங்கவே கூடாது, வசந்தத்திலோ மழைக்குப் பின் வரும் சரத் காலத்திலோதான் தொடங்க வேண்டும் என்கிறது. இவ்வளவு ஜாக்கிரதையோடு கொடுக்கப்பட்ட ஒன்றை இன்றைக்குச் சில நிமிட வீடியோவில் எடுத்துக்கொள்கிறோம்.

ஹடயோகப் பிரதீபிகையிலேயே இன்னொரு குறிப்பு உண்டு. பயிற்சியின் கீழ்நிலையில் வியர்வை வரும், நடுநிலையில் நடுக்கம் வரும், மேல்நிலையில் ஸ்திரம் வரும். நடுக்கத்தைக் காட்டி "பார், நூலிலேயே இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் அடுத்த சொல்லைப் படிப்பதில்லை. நடுக்கம் கடந்துபோக வேண்டிய இடம். வந்து சேர வேண்டிய இடம் ஸ்திரம்.

இனி உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நீங்கள் செய்ததே அதற்கு நல்ல உதாரணம். வேகவேகமாக மூச்சு விடும்போது ஆக்சிஜன் நிறையச் சேர்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆரோக்கியமான ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்கிறது. அதற்குமேல் சேர்க்க இடம் கொஞ்சம்தான். வேக மூச்சில் உண்மையில் நடப்பது, கரியமில வாயு வெளியே போய்விடுவது. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் வழக்கமாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அது சட்டென்று இறங்கினால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அளவு மிகவும் இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் கிட்டத்தட்ட பாதியாகக்கூடக் குறையலாம்.

அப்போது வெளியே என்ன தெரியும்? முதலில் உதட்டைச் சுற்றி லேசான மரமரப்பு. அப்புறம் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு. தலை லேசாகி மிதப்பது போல இருக்கும். இன்னும் தொடர்ந்தால் விரல்கள் விறைக்கும், கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும். ரத்தத்தில் தனித்து ஓடும் கால்சியத்தின் அளவு குறைவதால் தசைகள் இப்படி இழுக்கின்றன. கண்களில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியலாம், காதில் ரீங்காரம் கேட்கலாம், திடீரென்று அழுகையோ சிரிப்போ பொங்கலாம். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இப்படி ஒருவர் கை முறுக்கிக்கொண்டு கிடக்கும்போது, "சக்தி இறங்குகிறது, விடாதே, இன்னும் வேகமாக" என்று உரத்த குரல் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கை முறுக்கலுக்குத் தெய்வத்தை இழுப்பது தெய்வத்துக்கும் நியாயமில்லை, கிடக்கிற மனிதருக்கும் நியாயமில்லை.

வேக மூச்சுக்குப் பிறகு அடக்கிப் பிடிப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் எழுவதில்லை, கரியமில வாயு கூடுவதால் எழுகிறது. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் தவிப்பு தாமதமாகத்தான் வரும். ஆகவே "போன மாதம் அரை நிமிடம், இந்த மாதம் இரண்டு நிமிடம்" என்று கூடிக்கொண்டே போகும் கணக்கு, பிராணன் வசப்பட்டதைக் காட்டவில்லை. அபாய மணி ஒலிப்பது தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மணி ஒலிப்பதற்குள் ஆக்சிஜன் வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் நினைவு தப்பும். தரையில் உட்கார்ந்திருப்பவர் சாய்ந்துவிழுவார், மூச்சு தானாகத் திரும்பிவிடும். தண்ணீரில் இருப்பவர் மூழ்கிவிடுவார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே, வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டு நீருக்குள் போய் இப்படி இறந்திருக்கிறார்கள். குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ தனியாக இந்தப் பயிற்சியை ஒருபோதும் செய்யக் கூடாது.

மூச்சை உள்ளே இழுத்து, குரல்வளையை மூடி, வயிற்றை முறுக்கி அடக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுகிறது. ரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு இறங்கி, மூச்சை விட்டதும் மறுபடி எகிறுகிறது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் கூடுகிறது. அதனால் கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், இதய நோய், கிளாக்கோமா, விழித்திரைக் கோளாறு, குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கும்பகமும், வேக மூச்சுப் பயிற்சிகளான கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேண்டவே வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வேக மூச்சே வலிப்பைத் தூண்டிவிடும். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து அது சுருங்கிப்போவதும் அபூர்வமாக நடக்கும். 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கபாலபாதி செய்தபின் அப்படி ஆனதைச் 'செஸ்ட்' என்ற மருத்துவ இதழ் 2004-இல் பதிவு செய்திருக்கிறது. எல்லாருக்கும் நடக்கும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இளவயது, ஆரோக்கியம் என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மனம் சம்பந்தப்பட்ட ஆபத்துதான் இன்னும் நுட்பமானது. ஏற்கெனவே பதற்றத் தாக்குதல் உள்ளவருக்கு மூச்சை அடக்குவது, வேகமாக விடுவது இரண்டுமே அந்தத் தாக்குதலைக் கிளப்பக்கூடும். இருதுருவ மனநோயோ மனப்பிறழ்வோ தமக்கோ குடும்பத்திலோ இருந்தால், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு தீவிரமாகப் பயிற்சி செய்வது நோயைக் கிளறிவிடலாம். இது இந்த மரபுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. சீனாவின் மூச்சு, உயிராற்றல் பயிற்சியான சிகோங்கை அளவுக்கு மீறிச் செய்தவர்களுக்கு வரும் மனப்பிறழ்வை, 1994-இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பு தனியே குறிப்பிட்டது. அதே பதிப்பு, ஆன்மிகம் சார்ந்த நெருக்கடி எல்லாமே மனநோய் அல்ல என்பதற்கும் தனி இடம் ஒதுக்கியது. உங்களிடம் பேசிய இரண்டு பேரும் பாதி பாதி உண்மையைச் சொன்னார்கள் என்றுகூட இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பேருமே உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

புத்தர் வாழ்விலேயே இந்த அனுபவம் இருக்கிறது. ஞானம் பெறுவதற்கு முன் அவர் மூக்கு, வாய், காது வழியாகக்கூட மூச்சு போகாதபடி அடக்கும் கடும் பயிற்சியைச் செய்ததாகவும், மண்டையைப் பிளக்கும் தலைவலியும் உடம்பெல்லாம் எரிச்சலும் வந்ததாகவும் மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலின் மகாசச்சக சுத்தம் சொல்கிறது. அவர் அதை விட்டுவிட்டார். பின்னாளில் அவர் கற்பித்த, மூச்சைக் கவனிக்கும் தியானமான ஆனாபானசதியில் மூச்சை அடக்குவது இல்லை. நீண்ட மூச்சு வந்தால் நீண்ட மூச்சு என்று அறிவது, குறுகிய மூச்சு வந்தால் குறுகிய மூச்சு என்று அறிவது, அவ்வளவுதான். அடக்குவதிலிருந்து அறிவதற்கு வந்த அந்த மாற்றத்தை மூச்சுப் பயிற்சி செய்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது நின்று யோசிக்க வேண்டும்.

ஆன்மிகப் பாதையிலேயே இருக்கும் ஆபத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். உடம்புக்கும் மனத்துக்கும் ஒன்றும் ஆகாமல், பயிற்சி நன்றாகவே கைகூடிவிட்டாலும் வரக்கூடிய ஆபத்து அது. ரமண மகரிஷி இதைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். உபதேச உந்தியாரில், மூச்சை உள்ளே அடக்கினால் வலையில் அகப்பட்ட பறவையைப் போல மனமும் ஒடுங்கும், ஒடுக்குவதற்கு இது ஓர் உபாயம் என்று பிராணாயாமத்தை ஏற்றுக்கொள்கிறார். 'நான் யார்?' நூலில் அதன் எல்லையையும் காட்டிவிடுகிறார். பிராணன் அடங்கியிருக்கும் வரைதான் மனம் அடங்கியிருக்கும். பிராணன் வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டு, பழைய வாசனைகளின், அதாவது மனப்பதிவுகளின் வசப்பட்டு அலையும். ஆகவே பிராணாயாமம் மனத்தை அடக்கத் துணை செய்யும், மனத்தை நாசம் செய்யாது.

இதை விளக்க அவர் ஒரு கதை சொல்வதுண்டு. கங்கைக் கரையில் தவம் செய்துகொண்டிருந்த யோகி ஒருவர் கண் விழித்து, தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டு வா என்று சீடனை அனுப்புகிறார். சீடன் வருவதற்குள் மறுபடி ஆழ்ந்துவிடுகிறார். எத்தனையோ காலம் ஓடிவிடுகிறது. மறுபடி கண் விழித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், "தண்ணீர்!" இடையில் மனம் லயித்திருந்தது, அழியவில்லை. விட்ட இடத்தில் விட்ட ஆசை அப்படியே காத்திருந்தது. லயம் என்பது ஓய்வு. ஓய்வு இனிமையானதுதான், தேவையானதும்கூட. அதையே முக்தி என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே தேங்கிவிடுவோம்.

இதற்கு அடுத்து வருவது அனுபவங்களின் மேல் ஏற்படும் பசி. நேற்று வெளிச்சம் தெரிந்தது, இன்று தெரியவில்லை, ஆகவே இன்னும் பத்து நிமிடம் கூட்டுவோம் என்று போகும். அப்புறம் "எனக்கு இதெல்லாம் வருகிறது, அவருக்கு வரவில்லை" என்று ஒப்பிடத் தோன்றும். அகங்காரத்தைக் கரைக்க எடுத்த மருந்தே அகங்காரத்துக்கு உணவாகிவிடும். மூச்சை நெடுநேரம் அடக்கத் தெரிந்து, வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பொறுமையாகப் பேசத் தெரியாதவருக்குப் பிராணாயாமம் எந்தத் திரையையும் மெலியச் செய்யவில்லை.

ஆன்மிகத்துக்கு இது கட்டாயமா என்றால், இல்லை. பதஞ்சலியே முதல் பாதத்தில் மூச்சை வெளிவிட்டு நிறுத்துவதைச் சொல்லும்போது "அல்லது" என்ற சொல்லோடுதான் சொல்கிறார். மனத்தைத் தெளிவிக்கும் பல வழிகளில் அது ஒன்று. அதற்கு முந்தைய சூத்திரத்தில் அவர் வைத்தது மூச்சை அல்ல: சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லவரைக் கண்டு மகிழ்ச்சி, தீயவரிடம் பொருட்படுத்தாமை. பக்தியில் உருகிப் பாடியவர்களும் ஜபம் செய்தவர்களும் தொண்டு செய்தவர்களும் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. அவர்களுக்கு மூச்சு தானாகவே அடங்கியது. சுவையான ஆராய்ச்சி ஒன்று உண்டு. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் ஒன்றைச் சொன்னபோதும், சொல்கிறவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்குத் தானாக இறங்கியது. இதயத்தின் தாளமும் ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அமைப்பும் அந்த வேகத்தில் நன்றாக ஒத்துப்போகின்றன. யாரும் அடக்கவில்லை, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

நான் பிராணாயாமத்தை வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல. முறையாகப் பழகினால் அதைப் போல மனத்தைத் தியானத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைப்பது வேறெதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். தூக்கமும் மனமும் சரியான பிறகு நீங்கள் திரும்பத் தொடங்க விரும்பினால், கும்பகமே இல்லாத நாடி சுத்தி போதும். வயிறு காலியாக இருக்கும்போது, முதுகை நிமிர்த்தி, ஆனால் தோளை இறுக்காமல் உட்காருங்கள். இடது நாசியில் மெல்ல உள்ளே, வலது நாசியில் மெல்ல வெளியே, மறுபடி வலதில் உள்ளே, இடதில் வெளியே. உள்ளே வருவதைவிட வெளியே போவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் நிறைய.

சரியாகப் போகிறதா என்பதற்கு ஒரே சோதனையைச் சொல்கிறேன். வெளிமூச்சு முடிந்ததும் அடுத்த உள்மூச்சு எப்படி வருகிறது என்று பாருங்கள். அவசரமாக, சத்தத்தோடு, தோள் உயர்ந்து, அள்ளிக்கொண்டு வந்தால் நீங்கள் மிஞ்சிப் போய்விட்டீர்கள், நீளத்தைக் குறையுங்கள். மென்மையாக, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல் வந்தால் அளவு சரி. பதஞ்சலி நீளம், நுட்பம் என்று இரண்டு அடைமொழிகளைச் சேர்த்தே சொன்னார். வீடியோக்கள் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நுட்பத்தை விட்டுவிட்டன. இப்படிப் பழகும்போது என்றாவது ஒருநாள் இரண்டு மூச்சுகளுக்கு நடுவே தானாக ஒரு நிறுத்தம் வரும். தவிப்பு இருக்காது, முயற்சியும் இருக்காது. அதைத்தான் கேவல கும்பகம் என்கிறார்கள். அதைப் பிடித்து வைக்கப் போனால் போய்விடும். வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

அதற்கு மேல் பந்தங்களோடு (உடலின் சில பகுதிகளை இறுக்கிப் பிடிப்பதோடு) கும்பகம், பஸ்திரிகா என்றெல்லாம் போக வேண்டுமென்றால் நேரில் உட்கார வைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர் வேண்டும். அவரிடம் எதைப் பார்ப்பது? முதல் நாளில் உங்கள் உடல்நலத்தையும் தூக்கத்தையும் மருந்துகளையும் கேட்கிறாரா என்று பாருங்கள். "இன்றைக்கு வேண்டாம்" என்று அவரால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அனுபவங்களைச் சொன்னால் உச்சுக்கொட்டி வியக்கிறாரா, அல்லது சரி என்று கேட்டுவிட்டு உங்கள் அன்றாட வாழ்க்கையைப் பற்றி விசாரிக்கிறாரா என்று பாருங்கள். மருத்துவரிடம் போகாதே, மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

உச்சந்தலையில் ஊர்வது குண்டலினியா, நரம்புக் களைப்பா என்று இப்போது தீர்மானிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் இப்போதைய வைத்தியம் ஒன்றுதான். நேரத்துக்குச் சூடான சாப்பாடு, விரதம் வேண்டாம். தினமும் நடை, முடிந்தால் கைகால் வலிக்கும் அளவுக்கு வீட்டு வேலை. கண்ணை மூடித் தியானத்தில் உட்காருவதைக்கூடச் சில வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள். உச்சந்தலையை மனத்தால் கவனிக்காதீர்கள், கவனிக்கக் கவனிக்க அந்த உணர்வு வளரும். இரவில் தனியாக இதைப் பற்றி வீடியோ தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரு வாரத்துக்குமேல் தூக்கம் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஆளில்லாத குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகம், எல்லாவற்றிலும் தனக்கான ரகசியச் செய்தி இருப்பதாகத் தோன்றுவது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம், இவற்றில் ஒன்று வந்தாலும் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், பார்வை மங்குதல், மயக்கம் வந்தாலும் அப்படியே. போகும்போது என்ன பயிற்சி செய்தீர்கள், எவ்வளவு வேகமாக மூச்சு விட்டீர்கள், எவ்வளவு நேரம் அடக்கினீர்கள், எந்த மாதத்திலிருந்து என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூச்சுப் பயிற்சி செய்கிறீர்களா என்று மருத்துவர்கள் தாமாகக் கேட்பது குறைவு, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.